கிட்டிய ஆயிரம் சொல்லிக்கொடுத்த பத்மாவதி டீச்சர்

செய்தியை என்னிடம் யாரும் கொண்டுவரவில்லை. ஏழாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு. முதலில் ஒரு பெண் விசும்புவது கேட்டது. பிறகு இரண்டு மூன்று பேர். கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் அழுதது. பத்மாவதி டீச்சர் உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்ததால் மூன்று வாரமாக அந்த வகுப்புக்கும் நான்தான் கணக்கு எடுத்துவந்தேன். பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்து, கையில் சாக்பீசோடு அதட்டப் போனேன்.

“இன்னாடி சத்தம் இங்க?”

முன் வரிசையில் இருந்த ஒருத்தி எழுந்து நின்றாள். “எங்க டீச்சர் செத்துட்டாங்களாம் டீச்சர். எங்க டீச்சரோட தம்பி புதுச்சேரியிலேர்ந்து முதல் பஸ்ஸுல வந்து பெரிய டீச்சர்கிட்ட சொல்லிட்டுப் போறாரு.”

இரண்டு தடவை ‘எங்க டீச்சர்’ என்றாள். அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தவள் நான். துக்கம் வருவதற்கு ஒரு கணம் முன்னால் அந்தச் சொல் வந்து தைத்தது. பிறகுதான் துக்கம் வந்தது. அதுவும் உண்மையான துக்கம்தான். ஆனால் இரண்டும் வந்த வரிசையை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில், கூட வேலை பார்த்த நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். ஒவ்வொருவரும் அவர் தனக்குத்தான் மிகவும் நெருக்கம் என்றீர்கள். சரோஜா டீச்சர் இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று தலைமையாசிரியை என்னைப் பார்த்தபோது, தொண்டை சரியில்லை என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சொல்ல இருந்ததை அந்தக் கூட்டத்தில் சொல்ல முடியாது. பத்மாவதி டீச்சரைப் பார்த்து ஆறு ஆண்டுகள் நான் பொறாமைப்பட்டேன். அந்தப் பொறாமையால் அவருக்கு எந்தத் தீங்கும் செய்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அவரை நான் அறிந்தது அந்தக் கண்ணால்தான். பொறாமைப்படுகிறவள் கூர்ந்து பார்ப்பாள். நீங்கள் பார்க்காத சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நாங்கள் வீடு வீடாகப் போய்வந்த ஆண்டுக்கு மறு ஆண்டு அவர் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தார். சாலையில் மைல் கற்களைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். பைசாவில் நயா பைசா எது, பழைய பைசா எது என்று கடைக்காரர்களே குழம்பிக்கொண்டிருந்த காலம். ஊரில் எந்தக் கணக்குச் சந்தேகம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குக் கணக்கு சிறு வயதிலிருந்தே தண்ணீர் பட்ட பாடு. ஆசிரியைப் பயிற்சியில் கணக்கில் முதலாவதாக வந்தவள். ‘கணக்கு டீச்சர்’ என்றால் செஞ்சியில் நான் ஒருத்திதான். பஜாரில் நடந்துபோனால் அந்தப் பெயரில்தான் கும்பிடுவார்கள்.

பத்மாவதி பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பத்துப் பெண். கணவருக்கு பஜாரில் சிறிய ஜவுளிக்கடை. வந்த முதல் வாரமே என்னிடம் வந்து, “டீச்சர், எஸ்.எஸ்.எல்.சி.யில நான் ஒருதடவ கணக்குல கோட்டை விட்டவ. ஐந்தாவதுக்குக் கணக்கு எடுன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. பயமா இருக்குது. நீங்கதான் பாத்துக்கணும்” என்றார். நான் மிகவும் பெருந்தன்மையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அவர் விஷயத்தில் நான் நிம்மதியாகச் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் பெரிய எண்களை முழுமையாக்குவது வந்தது. கிட்டிய நூறுக்கு, கிட்டிய ஆயிரத்துக்கு, கிட்டிய பத்தாயிரத்துக்கு என்று எழுதுவது. அதற்கு முந்தைய ஆண்டு வரை அந்தப் பாடத்தை எடுத்தவள் நான். விதியைப் பலகையில் எழுதுவேன். எந்த இடத்துக்கு முழுமையாக்க வேண்டுமோ அதற்கு வலப்பக்க இலக்கத்தைப் பார். ஐந்துக்குக் குறைவு என்றால் விட்டுவிடு. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் ஒன்று கூட்டு. வலப்பக்கம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கு. நான்கு வாக்கியம். பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். பரீட்சைக்குச் சரியாகப் போடுவார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தால் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

கற்பகம் என்று ஒரு பெண் இருந்தாள். நான்காம் வகுப்பில் படிக்கும்போதே தன் அக்காவின் பாடத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டாள். “டீச்சர், நாலாயிரத்து ஐந்நூறு சரியா நடுவுலதான இருக்குது? அது ஏன் மேலதான் போவணும்? கீழ வந்தா இன்னா?”

“அது விதிம்மா” என்றேன்.

“விதின்னா யாரு சொன்னது?”

“புத்தகத்துல போட்டிருக்கு. போ, மணி அடிச்சாச்சு.”

அவள் போய்விட்டாள். கேள்வி நல்ல கேள்வி என்று எனக்குத் தெரியும். அதற்கு எண்ணியலில் ஆழமான காரணம் எதுவும் இல்லை, வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம் என்பதும் தெரியும். அதை ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மறு ஆண்டு கற்பகம் பத்மாவதியின் வகுப்புக்குப் போனாள். ஒருநாள் பிற்பகல் அந்த வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். என் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு கோடியில் ஒரு பெண், விளையாட்டில் அவள் பெயர் செஞ்சி, அவள்தான் நாலாயிரம். மறு கோடியில் இன்னொருத்தி, அவள் வல்லம், அவள் ஐயாயிரம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஓர் எண். அவரவர் எண்ணுக்குத் தக்க இடம் பார்த்து நடுவில் போய் நிற்க வேண்டும். நாலாயிரத்து முந்நூற்று இருபது, நாலாயிரத்து எண்ணூற்று எழுபது என்று கத்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, இடம் பிடித்தார்கள்.

பத்மாவதி கையைத் தட்டினார். “செஞ்சியில ஏறி வல்லம் போறீங்க. பஸ்ஸு நடுவழியில நின்னுபோச்சி. கண்டக்டரு எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாரு. எந்த ஊரு கிட்ட இருக்குதோ அந்த ஊருக்கு நடந்துடுங்க!”

பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் நின்றாள். கற்பகம். அவளுக்குக் கொடுத்திருந்த எண் நாலாயிரத்து ஐந்நூறு. வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார்.

“டீச்சர், எனக்கு ரெண்டும் ஒரே தூரம். நான் எங்க போறது?”

“நீ எங்க போறதுக்கு பஸ் ஏறின?”

“வல்லத்துக்கு.”

“அப்புறம் இன்னா கேள்வி? ஏறின எடத்துக்கே திரும்பி நடக்கறதுக்கா காசு குடுத்து டிக்கெட்டு வாங்கின?”

கற்பகம் சிரித்துக்கொண்டே வல்லத்துக்கு ஓடினாள். வகுப்பே கைதட்டியது.

அன்று மாலை வீட்டில் சமைத்துக்கொண்டே அதில் குறை தேடினேன். இது நிரூபணம் ஆகாது. திண்டிவனத்தில் ஏறி வருகிறவனுக்கு வழி தலைகீழ் ஆகிவிடும். பஸ் உவமை இறங்குமுக எண்களுக்குப் பொருந்தாது. எல்லாம் சரியான குறைகள். இருந்தும் மறு ஆண்டு, அதற்கு மறு ஆண்டு, என் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் வந்த பிள்ளைகளில் ஒருத்திகூட ஐந்தைக் கீழே இறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், “வல்லத்துக்கு டிக்கெட்டு எடுத்தாச்சு டீச்சர்” என்பார்கள். என் வகுப்பில், என் எதிரில், அவர் வாக்கியத்தைச் சொல்வார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றதுகூட அவருக்குக் கைகொடுத்தது. எந்த இடத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகும் என்பது, அந்த இடத்தில் தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெரிகிறது. நான் எங்கும் விழுந்ததில்லை. முதல் தடவையே தேறியதற்காக வருத்தப்பட்ட ஆசிரியை இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முழுமையாக்குவதை எப்போது செய்யக்கூடாது என்பதையும் அவர் பாடமாக எடுத்தார். அது புத்தகத்தில் இல்லை. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தைத்தான் உதாரணம் சொல்வார். “கூட்டம் எவ்ளோன்னு கேட்டா, பத்தாயிரம், இருபதாயிரம்னு சொல்லலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. அந்தக் கூட்டத்துல காணாமப் போன புள்ளைங்க எத்தினின்னு கேட்டா, அப்படிச் சொல்லுவியா?” பிள்ளைகள் மாட்டோம் என்று கத்துவார்கள். “ஏன்னா, விட்டுப்போனது யாருன்னு பாக்கணும். எதை விடறோம்னு தெரிஞ்சிகிட்டுத்தான் விடணும்.” தட்டிக்கு இந்தப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டு நான் பலகையில் எழுதுவது போல் நின்றிருக்கிறேன்.

இனி சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரிந்த நிகழ்ச்சி. நீங்கள் அறிந்தது பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

ஓர் ஆண்டு மாசி அமாவாசைக்கு முன்னால் காலரா பேச்சு அடிபட்டது. மயானக் கொள்ளைக்கு எல்லா ஊர்க் கூட்டமும் மேல்மலையனூரில் சேரும் என்பதால், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஊசி போடுவதென்று முடிவானது. ஊர் ஊராகப் பிள்ளைகளை எண்ணித் தரச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். மலையடிவாரத்தில் கல்லுடைக்கிறவர்களின் குடியிருப்புகள் நான்கு எனக்கு வந்தன. வெயிலில் நடந்து, ஒவ்வொரு குடிசையிலும் கேட்டு, எண்ணிக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று, முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு.

ஊசி போடுகிற குழு ஜீப்பில் மருந்துப் பெட்டிகளோடு எங்கள் பள்ளிக்கு வந்து இறங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு ஊர்களுக்குப் போவதாகத் திட்டம். மேற்பார்வையாளர் நடுத்தர வயதுக்காரர், நல்லவர்தான், களைத்திருந்தார். எந்தெந்த ஊருக்கு எத்தனை பேருக்கு மருந்து என்று உரக்கச் சொல்லிப் பெட்டிகளைப் பிரித்தார். நான் எண்ணிக் கொடுத்த நான்கு இடங்களும் அதில் வரவில்லை.

“மலையடிவாரம் விட்டுப்போச்சே சார்” என்றேன்.

“அங்கெல்லாம் பூஜ்யம்னு வந்திருக்கு டீச்சர்.”

“எப்படி சார் பூஜ்யம்? நான் போய் எண்ணினேன்.”

“மேல நூறு நூறா முழுசாக்கி அனுப்பியிருக்காங்க. மருந்து நூறு பேருக்கு ஒரு பெட்டின்னு வருதில்ல.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நாற்பத்து மூன்றைக் கிட்டிய நூறுக்கு முழுமையாக்கினால் பூஜ்யம். முப்பத்தெட்டும் பூஜ்யம். நான்கும் பூஜ்யம். கூட்டிவிட்டு முழுமையாக்கியிருந்தால் நூற்று ஐம்பத்தெட்டு, இருநூறு என்று வந்திருக்கும். யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் விதிப்படி, ஒரு பிழையும் இல்லாமல், நூற்று ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளை இல்லாமல் செய்துவிட்டார். நான் பலகையில் எழுதிப்போடும் அதே நான்கு வாக்கிய விதி.

இதை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் முழுமையாக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். “கணக்கு மேல போட்டது டீச்சர். நான் மாத்த முடியுமா?” என்றார். தலைமையாசிரியையிடம் சொன்னேன். “எழுதி அனுப்புவோம் சரோஜா, அடுத்த தடவ பாத்துக்குவாங்க” என்றார். அமாவாசைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அப்போது பத்மாவதி என் பக்கத்தில் வந்து நின்றார். “இன்னா டீச்சர் ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

சொன்னேன். அவருக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை முடிந்ததும், “அப்ப மருந்து எங்கேர்ந்து வரும்?” என்று கேட்டார். அதையும் நான் அதற்குள் மனதில் போட்டுவிட்டிருந்தேன். “பெரிய ஊருங்கள்ள மேல ஏத்தியிருக்காங்க இல்ல. அறுபதை நூறாக்கியிருப்பாங்க, எழுபதை நூறாக்கியிருப்பாங்க. நாலு ஊரு கணக்கு எனக்குத் தெரியும். அதுல மட்டும் நூத்தி அறுபது பேருக்கு மிச்சம் இருக்குது. இந்தப் பெட்டிங்களுக்குள்ளதான் இருக்குது.”

“நூத்தி அறுபது. நம்ம புள்ளைங்க நூத்தி ஐம்பத்தெட்டு” என்று அவர் ஒருமுறை சொல்லிப்பார்த்துக்கொண்டார். பிறகு ஊசிக்காக வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் போனார்.

அவர் செய்ததை நீங்கள் பார்த்தீர்கள். முற்றத்தில் பிள்ளைகளை நான்கு கூட்டமாக நிறுத்தினார். முதல் கூட்டத்தில் நாற்பத்து மூன்று பேர். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

“சார், இந்தக் கூட்டத்தைக் கிட்டிய நூறுக்கு முழுசாக்குங்க.”

அவர் சிரித்தார். “பூஜ்யம்மா.”

“கேட்டீங்களாடி? நீங்க இல்ல. போய்ச் செவுத்தோரமா நில்லுங்க.” அவர்கள் போனார்கள். “இது முப்பத்தெட்டு சார்.”

“பூஜ்யம்தான்.”

“நீங்களும் இல்ல. போங்க.”

மூன்றாவது கூட்டம் போனபோது மேற்பார்வையாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. நான்காவது கூட்டத்துக்குப் பத்மாவதி கையை மட்டும் காட்டினார், அவர்களும் போனார்கள். முற்றம் காலியாக இருந்தது. சுவர் முழுவதும் பிள்ளைகள் நின்றார்கள். சின்னவர்கள் பெரியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு இருமல் வந்தது.

“அங்க பாருங்க சார்” என்றார் பத்மாவதி. “இல்லாத புள்ளைங்க. எவ்ளோ பேரு இருக்காங்க பாருங்க.”

மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “மருந்து வேணுமே டீச்சர்” என்றார். பத்மாவதி உடனே என் பக்கம் திரும்பி, “சரோஜா டீச்சர் சொல்லுவாங்க சார், எந்தப் பெட்டியில மிச்சம் இருக்குதுன்னு” என்றார். நான் சொன்னேன். நான் சொன்ன பெட்டிகளிலிருந்து எடுத்தார்கள். நான் சொன்ன அளவே இருந்தது. அதைப் பார்த்துக் கைதட்ட யாரும் இல்லை. எல்லோரும் இன்னும் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் ஜீப்பில் கூடப் போனோம். நான்காவது குடியிருப்பை முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பத்மாவதி வீட்டில் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. அழுகிற பிள்ளைகளை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது. மறுநாள் காலை வரை தண்ணீர்கூட இல்லை. நானும் அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லைதான். ஆனால் அவர் பட்டினி கிடந்தது மறுநாளே பஜார் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டவளைப் பற்றி யார் பேசுவார்கள்?

திருவிழா முடிந்து காலரா வந்தது. சில ஊர்களில் சாவு விழுந்தது. மலையடிவாரக் குடியிருப்புகளில் ஒரு பிள்ளையும் போகவில்லை. ஊசி ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்த தாய்மார்கள் அடித்துச் சொன்னார்கள். ஒருநாள் அவர்களில் ஒருத்தி வேர்க்கடலை வேகவைத்து, துணியில் கட்டி, பள்ளிக்கு எடுத்துவந்தாள். நேராகப் பத்மாவதியிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க புள்ளைங்கள கணக்குல சேத்த மகராசி நீதாம்மா.”

பத்மாவதி கையை விடுவித்துக்கொண்டு என்னைக் காட்டினார். “நான் இல்லம்மா. கண்டுபிடிச்சது சரோஜா டீச்சரு. மருந்து எங்க இருக்குதுன்னு கணக்குப் போட்டதும் அவங்கதான். எனக்கு ரெண்டு தடவ சொன்னப்புறம்தான் புரிஞ்சது.”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. துணி மூட்டையை என் பக்கம் நீட்டினாள். “நீங்களும் எடுத்துக்கோங்க டீச்சரம்மா.”

‘நீங்களும்.’ அந்த ‘உம்’ என் நெஞ்சில் இன்றும் இருக்கிறது. கடலையை எடுத்துக்கொண்டேன். நன்றாக வெந்திருந்தது. பத்மாவதி என்னை முன்னால் தள்ளாமல், பாராட்டைத் தானே வைத்துக்கொண்டிருந்தால் அவரை வெறுப்பதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். அந்த வழியையும் அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை. பிறகு யார் அந்த நிகழ்ச்சியைப் பேசினாலும், “சரோஜா டீச்சரு” என்று தொடங்குவார். கேட்கிறவர்கள், “எவ்ளோ அடக்கம் பாரு” என்று அவரையே இன்னும் கொஞ்சம் மெச்சுவார்கள்.

அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, நாட்டு வைத்தியம் பார்த்துக் கேட்காமல், புதுச்சேரிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்த அன்று வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுத்திருந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கணவர் நாற்காலி போட்டார்.

“புள்ளைங்களுக்கு எதுவரைக்கும் போயிருக்கீங்க டீச்சர்?”

“லட்சத்துக்கு வந்தாச்சு. நீங்க அதையெல்லாம் நினைக்காதீங்க.”

“ஒரு சந்தேகம் இருக்குது. லீவுக்கு முன்னாடி ஒருத்தி கேட்டா. நாலாயிரத்து நானூத்தி ஐம்பதைக் கிட்டிய நூறுக்குப் போட்டா நாலாயிரத்து ஐந்நூறு. அதை மறுபடி ஆயிரத்துக்குப் போட்டா ஐயாயிரம். நேரா ஆயிரத்துக்குப் போட்டா நாலாயிரம். எப்படி ரெண்டு வெடை வருது? படுத்துகிட்டே மூணு நாளா யோசிக்கிறேன்.”

“ஒரு தடவதான் முழுசாக்கணும். முழுசாக்கினதையே மறுபடி முழுசாக்கினா முதல் தப்பு ரெண்டாவதுல சேந்துடும். எப்பவும் மூல எண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். “பாத்தீங்களா, இவங்களுக்கு ஒடனே வந்துடுது” என்று கணவரிடம் சொன்னார். “உங்க மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா டீச்சர்? வந்த நாள்லேர்ந்து. நம்ம வகுப்புத் தட்டிக்கு அந்தாண்ட நீங்க கணக்குப் போடறத கேட்டுகிட்டே நிப்பேன். எனக்கு இது மாதிரி வரலையேன்னு வயிறு எரியும்.”

கணவரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆறு ஆண்டுகளாக நான் வாயைத் திறந்து சொல்ல முடியாத ஒன்றை, காய்ச்சலில் படுத்தபடி, கணவர் எதிரில், வெற்றிலை கேட்பது போல் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நானும் அப்படித்தான் என்று அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். வண்டி வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். பொறாமைப்படுவதைக்கூட அவர் என்னைவிட நன்றாகச் செய்தார் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். நாங்கள் பேசியது அதுதான் கடைசி.

இப்போது ஐந்தாம் வகுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரோடு போட்டி போடலாம். அவருக்கும் ஒருநாள் பாடம் சரியாக அமையாது, ஒருநாள் கூட்டல் தப்பும். இறந்தவருக்கு இனி எதுவும் தப்பாது. ஒவ்வொரு காலையும் அந்தப் பிள்ளைகள் முன் போய் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் கேள்வி கேட்டுவிட்டால் பிறகு பேச மாட்டார். பிள்ளையின் முகத்தையும் பார்க்க மாட்டார், பார்த்தால் பயந்துவிடுவாள் என்று. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுவிடுவார். பதில் வரும்வரை நிற்பார். என்னால் அந்த மௌனத்தைத் தாங்க முடிந்ததில்லை. விடை எனக்குத் தெரியும், அது என் நாக்கு நுனியில் இருக்கும், பிள்ளை தடுமாறினால் நானே சொல்லிவிடுவேன். இருபது ஆண்டுகளாக என் வகுப்பில் பாதி விடைகளை நான்தான் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் வள்ளி என்ற பெண்ணை எழுப்பினேன். நான் அந்த வகுப்புக்கு வந்ததிலிருந்து என்னிடம் வாயே திறக்காதவள். மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று எண்பத்திரண்டு, கிட்டிய பத்தாயிரத்துக்கு என்ன என்று கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே ஒருவர் மாட்டு வண்டியில் வைக்கோல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒரு பக்கம் ஏற்றி முடித்து மறுபக்கம் வந்துவிட்டார். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். விடை என் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“மூணு லட்சத்து அம்பதாயிரம்” என்றது ஒரு சின்னக் குரல். நான் திரும்புவதற்குள், “ஏழு இருந்திச்சி டீச்சர். அதான் மேல ஏறிட்டேன்” என்றும் சொன்னது.

அந்தக் காத்திருப்பைத்தான் பத்மாவதி டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது இன்னும் வசப்படவில்லை. ஒவ்வொரு தடவை ஜன்னல் பக்கம் திரும்பும்போதும், இது அவருக்கு எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று வயிறு எரிகிறது. எரியட்டும். வள்ளி பதில் சொல்கிறாள்.